பவளப்பாறைப் படகுப் பயணம்: பெற்றோருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு வணக்கம்.

வரும் பிப்ரவரி மாதம் இரண்டாம் சனிக்கிழமையன்று, பதினொன்றாம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவ மாணவியரை வனத்துறையின் அனுமதியுடன் மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளைக் காணப் படகில் அழைத்துச் செல்லவிருக்கிறோம். வாடை தணிந்து, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழுவதற்கு முன்னுள்ள இந்த நாள்களில்தான் தென்கடல் அமைதியாகவும் தண்ணீர் தெளிவாகவும் இருக்கும் என்பது உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பிள்ளைகள் சிலிண்டர் கட்டிக்கொண்டு ஸ்கூபா முறையில் கடலுக்குள் இறங்க அனுமதிக்க வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். நன்கு யோசித்தபின் அதற்கு நான் இசையவில்லை. சங்கு குளிப்பவர்கள் மேலே இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டே இறங்கி ஏறுவதைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, நீருக்குள் மூச்சை அடக்குவது இயல்பாகவே வந்துவிடும். ஸ்கூபாவில் அதுவே ஆபத்து. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து இழுத்த காற்றை வெளிவிடாமல் மேலே வந்தால், அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடக்கூடும். முறையான பயிற்சி இன்றி ஒரே நாளில் இப்பழக்கத்தை மாற்ற இயலாது.

பவளப்பாறைகளின் நிலையும் எனக்குக் கவலை தருகிறது. 21 தீவுகளைச் சுற்றிய இப்பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பல பார்கள் (கடலடிப் பாறைத் திட்டுகள்) ஆழம் குறைந்த இடத்திலேயே இருப்பதால், பழகாதவர் காலில் மாட்டிய துடுப்பு ஒருமுறை பட்டாலே கிளைப்பவளம் முறிந்துவிடும். வேகமாக வளரும் வகைகளே ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன; பாறைபோல் திரண்டிருக்கும் வகைகள் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். 2016 கோடையில் கடல்நீர் சூடேறியதால் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போனதையும் மறக்க முடியாது.

ஆகவே, மாணவர்கள் கண்ணாடி அடித்தளம் கொண்ட படகில் அமர்ந்தபடியே பவளங்களையும் மீன்களையும் பார்ப்பார்கள். புறப்படுமுன் கரையில் பயிற்சியாளர் ஒருவர் சிலிண்டரையும், அதன் காற்றை மூச்சுக்கேற்ற அழுத்தத்தில் தரும் ரெகுலேட்டரையும் பிரித்துக் காட்டி விளக்குவார். ஸ்கூபாவில் ஆர்வமுள்ளவர்கள் அவரிடம் தாராளமாகக் கேள்வி கேட்கலாம். படகில் ஏறியது முதல் இறங்கும்வரை உயிர்காப்பு மேலங்கியைக் கழற்றக் கூடாது. திரும்பும்போது கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது. 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் உள்ளன. சுண்ணாம்புக்காகப் பவளக்கல் வெட்டிய காலத்தை அறிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அதைப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஆஸ்துமா, வலிப்பு, படகில் வாந்தி வரும் தொல்லை ஆகியவை இருந்தால் தயங்காமல் ஒப்புதல் படிவத்தில் குறிப்பிடுங்கள். மதிய உணவைத் தூக்குப்பாத்திரத்தில் கொடுத்தனுப்புங்கள்; பிளாஸ்டிக் பைகள் வேண்டாம். கையொப்பமிட்ட படிவம் ஜனவரி மாத இறுதிக்குள் வகுப்பாசிரியரிடம் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்