சீரியலைசபிள்: ஒரு வரி பதில் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வேலைவாய்ப்புப் பக்கத்தில் ஜாவா என்ற நிரல்மொழிக்கான நேர்காணல் கேள்விகள் வெளியிட்டிருந்தீர்கள். ஆப்ஜெக்டுக்கு அச்சாக இருக்கும் கிளாஸின் தலையில் 'இம்ப்ளிமென்ட்ஸ் சீரியலைசபிள்' (பைட்டுகளாக்கத் தக்கது) என்று எழுதிவிட்டால், அதிலிருந்து உருவாகும் ஆப்ஜெக்டைச் சேமித்துக்கொள்ளலாம் என்பது அதில் ஒரு பதில். கல்லூரியில் நானும் இதைத்தான் மனப்பாடம் செய்தேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் ஆர்டர் பதிவு செய்யும் இணையதளம் ஒன்றைப் பராமரிக்கிறேன். ஜாவாவில் இணையதளம் கட்ட உதவும் அப்பாச்சி விக்கெட்டில் எழுதியது. பயனர் பார்த்த பக்கத்தை அதன் ஃபீல்டுகளோடு (உள்ளே தகவல் வைத்திருக்கும் இடங்கள்) பைட்டுகளாக்கி டிஸ்கில் வைப்பது விக்கெட்டின் வழக்கம். பேக் பட்டனை அழுத்தினால் அங்கிருந்துதான் எடுக்கும். எங்கள் தளத்தில் முன்னால் போனால் எல்லாம் சரி, பேக் அழுத்தினால் 'பக்கம் காலாவதியானது'. ஒரு மெர்ச்சன்டைசர் சைஸ் பட்டியலை மூன்று முறை அடித்துவிட்டு, "அப்ப பின்னாடி போகவே கூடாதுங்களா மேடம்?" என்று போனில் கத்தினார். தளம் தன் பிழைகளை எழுதிவைக்கும் லாக்கைத் திறந்தால், பக்கத்தைச் சேமிக்க முடியவில்லை என்ற ஒரே பிழை, பக்கம் பக்கமாக. தளம் ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் அதைப் படிக்கவில்லை, நான் உட்பட.

எந்த ஃபீல்டுக்குள் எது இருக்கிறது என்று விக்கெட் அதில் படிப்படியாக எழுதி, சிக்கலான இடத்துக்கு அம்புக்குறியும் போட்டிருந்தது. பக்கத்துக்குள் விலைப்பட்டியல், அதற்குள் டேட்டாபேஸ் கனெக்‌ஷன். வீடு மாறும்போது பீரோவை லாரியில் ஏற்றலாம், குழாய் இணைப்பை ஏற்ற முடியுமா? தலையில் என்ன எழுதியிருந்தாலும், ஆப்ஜெக்ட் உள்ளே பிடித்து வைத்திருக்கும் ஒவ்வொன்றும் சீரியலைசபிளாக இருந்தால்தான் ஆகும்.

கூட வேலை செய்யும் தம்பி அந்த ஃபீல்டுக்கு 'டிரான்சியன்ட்' (இதைச் சேமிக்காதே என்ற குறி) போட்டார். லாக்கில் பிழை வருவது நின்றது. மறுநாள் பேக் அழுத்தியவருக்கு நல் பாயின்டர் எக்ஸெப்ஷன், அதாவது காலியானதைப் பயன்படுத்தப் பார்த்தால் வரும் பிழை! சேமிக்காமல் விட்ட ஃபீல்டு திரும்பி வரும்போது காலியாகத்தானே வரும். அப்புறம்தான் உட்கார்ந்து ஒழுங்காகச் செய்தோம். பக்கத்தில் ஆர்டர் எண் மட்டும் இருக்கும், மற்றதை விக்கெட்டில் உள்ள லோடபிள் டிடாச்சபிள் மாடல் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸிலிருந்து எடுத்து வரும். விலை சொல்லும் சர்வீஸை விக்கெட்டின் ஸ்பிரிங்பீன் என்ற குறி வழியாக வாங்கினோம். அது பக்கத்துக்குள் சர்வீஸுக்குப் பதிலாளாக ஒரு சின்னப் பிராக்ஸியைத்தான் வைக்கும், கனெக்‌ஷன் உள்ளே வராது.

அந்தப் பதிலைத் திருத்தி வெளியிடும்போது, டிரான்சியன்ட் ஃபீல்டு திரும்பி வரும்போது அதில் என்ன இருக்கும் என்ற கேள்வியையும் சேர்த்துவிடுங்கள். எங்கள் அலுவலகத்துக்கு நேர்காணலுக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருப்பூர்