வனவிலங்கு போட்டோ குரூப் அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அட்மின்களே, வணக்கம்.

பனிக்காட்டு மான் படம்னா லைக்ஸ் அள்ளுது, சரி. ஆனா படுத்திருந்த மான் பதறி எழுந்து கேமராவ முறைக்கற ஷாட்டுக்குத்தான் நீங்க அடிக்கடி ‘இந்த வாரப் படம்’ குடுக்கறீங்க, அதப் பத்திதான் எழுதறேன்.

மான் படுத்திருக்கற எடத்த அது சும்மா தேர்ந்தெடுக்கல. ஊசியிலை மரம் அடர்ந்த பக்கம் போனா விழற பனியில ஒரு பங்கு கிளையிலயே தங்கிடும், கீழ ஆழம் கம்மி, காத்தும் குறைவு, ராத்திரி உடம்புச் சூடு திறந்த வானத்துக்குப் போறதயும் கிளைங்க கொஞ்சம் தடுக்கும். அதே மான் வெயில் நாள்ல தெக்கு பாத்த சரிவுக்கு வந்துரும் (வடக்கு நாட்டுக் காடுகளச் சொல்றேன்). ரோ மான் (ஐரோப்பாவுல இருக்கற சின்ன மான்) இன்னும் கெட்டி, முன்னங்காலால பனியையும் சருகையும் பறிச்சுத் தள்ளிட்டு வெறுந்தரையில படுக்கும். அமெரிக்கப் பக்கத்து வெள்ளைவால் மானுங்க ஒரே காட்டுத்துண்டுல கூட்டமா ஒதுங்கி, நடந்து நடந்தே பனியில பாதை போட்டு வச்சுக்கும். ரோமம் அப்படி ஒரு ரோமம், உடம்புச் சூட்ட வெளிய விடாது, முதுகுல விழுந்த பனி கரையாமலே கெடக்கும்!

குளிர்காலத்துல தீனியும் கொறச்சல், சத்தும் கொறச்சல், இலையுதிர்காலத்துல சேத்த கொழுப்ப வச்சு வசந்தம் வரைக்கும் ஓட்டணும். அதனால நடமாட்டத்தயே கொறச்சுக்கிட்டு படுத்து அசை போடுது. செம்மானுக்கு (ரெட் டீர்) அந்த மாசங்கள்ல இதயத்துடிப்பே எறங்கிடுது. 40, 50 செ.மீ. பனி இருந்தாலே வெள்ளைவால் மானுக்கு நடை தடுமாறும், அதுல துள்ளி ஓட வச்சா எவ்ளோ கொழுப்பு எரியும்னு யோசிங்க, அந்தக் காலத்துல அத ஈடுகட்ட தீனிக்கு எங்க போகும்?

பாவம்னு சோளம் கொட்டற ஆளுங்க வேற. குச்சியும் பட்டையும் தின்னு பழகின வயித்துல திடீர்னு தானியம் போனா அமிலம் ஏறி செத்தே போகலாம்.

ரூல்ஸ்ல நாலு வரி சேருங்க. பாதைய விட்டு எறங்கக் கூடாது, நாய அவுத்து விடக் கூடாது, தீனி வச்சு எடுத்த படம் வேண்டாம், மான் அசை போடறத நிறுத்திட்டு காதத் திருப்புச்சுன்னா அப்பவே பின்வாங்கணும். எழுந்து ஓடற ஷாட்டுக்கு பரிசு கெடையாதுன்னு ஒரு தடவ அறிவிச்சுட்டா பாதிப் பேரு தானா அடங்கிடுவாங்க. லொகேஷன் டேக்கயும் எடுத்துடுங்க, அதுங்க பெரும்பாலும் வருஷா வருஷம் அதே ஒதுக்குப்புறத்துக்குத்தான் வருது.