2015-இல் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று எழுதி வையுங்கள்

தாம்பரத்தைச் சுற்றி மனை பிரித்து விற்பவர்களுக்கும், அடுக்குமாடி கட்டுபவர்களுக்கும், அவர்களோடு சேர்ந்து வேலை பார்க்கும் தரகர்களுக்கும்,

வணக்கம்.

நான் முடிச்சூர்ப் பக்கம் குடியிருப்பவள், பள்ளி ஆசிரியை. போன வாரம் தாம்பரம் ஸ்டேஷனில் மேற்குப் பக்கம் படி இறங்கும்போது ஒரு பையன் கையில் நோட்டீஸ் கொடுத்தான். பெருங்களத்தூர் ஸ்டேஷன் 10 நிமிடம், கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 15 நிமிடம், வெளிவட்டச் சாலை 5 நிமிடம், 80 சதவீதம் வங்கிக் கடன், முன்பதிவு செய்தால் தங்க நாணயம் என்று போட்டிருந்தது. கீழே ஒரு சின்ன வரைபடம். அதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது எங்கள் தெருக் கோடியில் இருக்கும் கழனி. ஒரு மாதமாக அங்கே டிப்பர் லாரிகள் மண் கொட்டிக்கொண்டிருக்கின்றன. இப்போதே எங்கள் தெருவைவிட 4 அடி உயர்ந்துவிட்டது.

எத்தனையோ தூரம் எழுதியிருந்த அந்த நோட்டீஸில் எங்கள் பக்கமாக ஓடும் அடையாறு என்கிற ஆறு எவ்வளவு தூரம் என்று இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் மனை பார்க்க வந்தது 2012-இல், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தாம்பரத்திலிருந்து வேனில் அழைத்து வந்தார்கள். எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். வெள்ளை அடித்த கல் நட்டு, கயிறு கட்டி, அரை கிரவுண்ட், முக்கால் கிரவுண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். நல்ல காற்று. தூரத்தில் பனைமரங்கள். நான் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி எப்படிங்க?" தரகர் சந்தோஷமாகச் சொன்னார்: "20 அடியிலயே தண்ணி மேடம், அவ்வளவு ருசியா இருக்கும்."

அவர் பொய் சொல்லவில்லை. கோடை உச்சத்தில் 20 அடியில் தண்ணீர் நிற்கிறதென்றால் அது எப்படிப்பட்ட நிலம் என்று எனக்கல்லவா உறைத்திருக்க வேண்டும்? உறைக்கவில்லை. வாடகை வீட்டில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்து பழகியவளுக்கு அது வரமாகத் தெரிந்தது. 30 வருஷத்து வில்லங்கச் சான்று பார்த்தோம். தாய்ப் பத்திரம் பார்த்தோம். வக்கீலிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்கினோம். எல்லாம் சுத்தம். பழைய பட்டாவில் நன்செய் என்று இருந்தது. நன்செய் என்றால் நெல் விளைந்த இடம், நெல் விளைந்த இடமென்றால் தண்ணீர் தேங்கி நிற்கிற இடம். தினமும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிற நானே அந்தச் சொல்லைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய மழை மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் முதலில் வாசல் வழியாக வரவில்லை. குளியலறை ஓட்டை வழியாகக் குமிழ் குமிழாகப் பொங்கியது. ஏதோ அடைப்பு என்று நினைத்து என் கணவர் குச்சி எடுத்துக் குத்தினார். அதற்குள் கழிவறையிலும் அதே சத்தம். கால் மணி நேரத்தில் வாசல்படியைத் தாண்டி வந்துவிட்டது. ஃப்ரிட்ஜைக் கட்டில் மேல் தூக்கி வைத்தோம். அப்புறம் கட்டிலே மிதந்தது. மாமியாரைத் தோளில் சாய்த்துக்கொண்டு பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குப் போனபோது எனக்கு மார்பளவு தண்ணீர். மறுநாள் மத்தியானம் மீனவர்கள் படகு கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்கள் யார், எந்தக் குப்பத்திலிருந்து வந்தார்கள் என்று கேட்கக்கூட அன்றைக்கு நிதானம் இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு ஹால் சுவரில் சேற்றுக் கோடு ஒன்று நின்றது. டேப் வைத்து அளந்தேன். தரையிலிருந்து 5 அடி 2 அங்குலம். கல்யாண ஆல்பம், பெண்ணின் மதிப்பெண் பட்டியல், அரிசி டிரம், தையல் மிஷின் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே. வீட்டுப் பத்திரம் மட்டும் கடனுக்காக வங்கியில் இருந்ததால் தப்பித்தது. அந்த மாதத் தவணையும் வழக்கம்போல 5-ஆம் தேதி கணக்கிலிருந்து போனது.

செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதால்தான் எங்களுக்கு வெள்ளம் என்று இன்னமும் நிறையப் பேர் சொல்கிறார்கள். மனை விற்கிறவர்களும் அதையே சொல்கிறார்கள்: "அது ஒரு தடவை நடந்த தப்பு, இனிமே நடக்காது." தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் வந்து சேர்வது திருநீர்மலைப் பக்கம். அது எங்களுக்குக் கீழே இருக்கிறது. எங்களுக்கு வந்தது தெற்கேயும் மேற்கேயும் இருக்கிற ஏரிகளின் தண்ணீர்: ஆதனூர், மண்ணிவாக்கம், ஊரப்பாக்கம், நந்திவரம், மணிமங்கலம். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல், அதாவது உபரி நீர் வழிந்து வெளியேறும் இடம், வழியாக அடுத்த ஏரிக்கு, அங்கிருந்து ஆற்றுக்கு என்று முன்னோர் வகுத்த வழி அது. அந்த வழியில் வீடு கட்டியிருப்பது நாங்கள். எந்த அதிகாரியும் எந்த மதகையும் திறக்காவிட்டாலும் பெருமழை பெய்தால் அந்தத் தண்ணீர் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் வந்தது. நடுவில் ஆற்றை அகலப்படுத்தினார்கள், மூடுகால்வாய் கட்டினார்கள். இந்தத் தடவை எங்கள் வீட்டில் முழங்கால் அளவோடு நின்றது. அதற்கு நன்றிதான். ஆனால் முழங்கால் தண்ணீரிலும் மிக்ஸியும் மெத்தையும் போகத்தான் செய்யும்.

இன்னொன்றையும் 2015-க்குப் பிறகுதான் கவனித்தேன். பழைய ஊர், அதாவது கோயிலைச் சுற்றி ஓட்டு வீடுகளாக இருக்கிற நத்தம், மேட்டில் இருக்கிறது. அந்த இரண்டு நாளும் எங்களுக்குச் சோறு வந்தது அங்கிருந்துதான். அங்கே ஒரு பாட்டியிடம், "உங்களுக்குத் தண்ணி வரலையாம்மா?" என்று கேட்டேன். "எங்க மாமனார் காலத்துலயும் இங்க ஏறல. நீங்க இருக்கறது களத்துமேட்டுக்குக் கீழ, அங்க மழையில நண்டு புடிப்போம்" என்றார். 2012-இல் அந்த வேன் இந்தப் பாட்டி வீட்டு வாசலைத் தாண்டித்தான் எங்களை அழைத்துப் போனது.

இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் மனை இருக்கும் இடத்தில் 2015-இலும் 2023-இலும் தண்ணீர் எத்தனை அடி நின்றது, எத்தனை நாள் நின்றது, எந்தப் பக்கமாக வடிந்தது என்று நோட்டீஸில் எழுதுங்கள். சைட் ஆபீஸ் சுவரில் கோடு போட்டுக் காட்டுங்கள். தண்ணீரே வராத இடமென்றால் அதையும் எழுதுங்கள், வாங்குகிறவர்கள் நிம்மதியாகப் பணம் கட்டுவார்கள்.

உங்களுக்கு அது தெரியாது என்று நான் நம்பவில்லை. தாழ்வான இடத்திலோ நீர்நிலையை ஒட்டியோ லேஅவுட் போட வேண்டுமென்றால் நீர்வளத்துறையிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு உயரத்துக்கு மண் நிரப்ப வேண்டும், மழைநீர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்றெல்லாம் அதில் நிபந்தனை போடுவார்கள். அந்தத் தாள் உங்கள் கோப்பில் இருக்கும். வாங்குகிறவர் கையில் மட்டும் கிடைப்பதில்லை. பட்டா நகலும் வில்லங்கமும் கொடுக்கிறீர்கள், ரெரா (மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு எண்ணைப் பெரிதாக அச்சடிக்கிறீர்கள். அந்தச் சான்றையும் ஒரு நகல் எடுத்து அதே ஃபைலில் வையுங்கள். ஒரு ஜெராக்ஸ் செலவுதான். 2016-இல் வந்த ரெரா சட்டத்தின் 12-ஆவது பிரிவு, விளம்பரத்தில் பொய் சொல்லி அதை நம்பிப் பணம் கட்டியவருக்கு நஷ்டம் வந்தால் ஈடு கட்ட வேண்டும் என்கிறது. ஆனால் வெள்ளத்தைப் பற்றிப் பேசாமலே இருந்தால் என்ன செய்ய முடியும்? அதனால்தான் சட்டத்தைக் காட்டி மிரட்டாமல் உங்களிடமே கேட்கிறேன்.

"சொன்னால் யார் வாங்குவார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நாங்களே வாங்கியிருப்போம் என்று நினைக்கிறேன். எங்களால் வாங்க முடிந்த இடம் இதுதான். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்ட நாளிலிருந்து, நகரத்துக்குள் இடம் வாங்க முடியாதவர்கள் அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் தெற்கே வந்திருக்கிறார்கள். நாங்களும் அப்படி வந்தவர்கள்தான். ஆனால் தெரிந்து வாங்கியிருந்தால் அஸ்திவாரத்தை 5 அடி உயர்த்தியிருப்போம். கிரானைட்டுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் போட்ட பணத்தை அடித்தளத்துக்குப் போட்டிருப்போம். சம்ப் மூடியை உயரத்தில் வைத்திருப்போம், மீட்டர் பெட்டியை மாடிப்படி மேலே மாட்டியிருப்போம். விலையையும் கொஞ்சம் குறைத்துக் கேட்டிருப்போம். அதில் தப்பென்ன?

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பிறகு செய்தார். ஜாக்கி வைத்து வீட்டையே 3 அடி தூக்கினார். ஹரியானாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அஸ்திவாரத்தைச் சுற்றித் தோண்டி, பீமுக்குக் கீழே இரும்புச் சட்டம் கொடுத்து, வரிசையாக ஜாக்கிகள் வைத்தார்கள். மேஸ்திரி குரல் கொடுக்க, குந்தி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கம்பியைக் கால் சுற்று திருப்புவார்கள். வீடு கண்ணுக்குத் தெரியாமல் ஏறும். அவர் மனைவி எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து சுவரில் விரிசல் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த நாட்களில் அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை. பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் அது.

மண் கொட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் மனையை நீங்கள் உயர்த்துவது உங்களிடம் வாங்குகிறவருக்கு நல்லதுதான். ஆனால் அந்தக் கழனியில் இத்தனை நாள் நின்ற தண்ணீர் இனி எங்கே நிற்கும்? மூன்று பக்கமும் மேடாகிவிட்டால் எங்கள் தெரு ஒரு சட்டி மாதிரி ஆகிவிடும். சாலையை ஒவ்வொரு தடவை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டு எங்கள் வாசல் ஏற்கெனவே இரண்டு படி கீழே போய்விட்டது. நீங்கள் மண் நிரப்புவதற்கு முன் கழனியின் ஓரமாக ஒரு கால்வாய் ஓடியது, இப்போது அது லாரி போகும் பாதை. அதைத் திரும்பத் தோண்டி, ஆறு வரை தொடர்பு விட்டுப்போகாமல் கட்டிவிட்டு அப்புறம் மனை விற்கலாம் அல்லவா? உங்களிடம் வாங்குகிறவர்களும் எங்கள் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

கிழக்குத் தாம்பரத்தில் விற்பவர்கள் இது ஏதோ அடையாற்றுக் கரைக்காரர்கள் பிரச்சினை என்று விட்டுவிட வேண்டாம். சிட்லப்பாக்கம் ஏரி நிரம்பினால் சேலையூர்ப் பக்கம் திரும்பிப் போகாது. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ப் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர வேண்டும். அந்த வழியில் "லேக் வியூ" என்று பெயர் வைத்து விற்கிற ஒவ்வொருவரும் அந்த ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும்.

இங்கே குடியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இதை நான் மனதாரச் சொல்கிறேன். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியாக ஆனதிலிருந்து சுற்று வட்டாரமே மாறிக்கொண்டிருக்கிறது. என் பெண் இங்கிருந்தே கல்லூரிக்குப் போய் வருகிறாள். விடியற்காலை பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்தால் இன்னமும் நாரைகள் பறப்பதைப் பார்க்கலாம். புதிதாக வருகிறவர்கள் வர வேண்டும், தெருவில் விளக்கெரிய வேண்டும், பக்கத்தில் ஆட்கள் இருக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். 50 லட்சத்துக்குப் பதிவு செய்கிற குடும்பம் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று நாலரை லட்சத்தை அரசுக்கே கட்டுகிறது. மீதிக்கு நகை அடகு, பி.எஃப். பணம், 20 வருஷக் கடன். அப்படி வருகிறவர்களுக்கு மே மாதத்துக் கழனியை மட்டும் காட்டாதீர்கள்.

முடிந்தால் அவர்களை எங்கள் வீட்டுக்கும் அழைத்து வாருங்கள். வீட்டுக்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்துவிட்டோம். ஹாலில் பீரோவுக்குப் பின்னால் இருக்கிற அந்த ஒரு சாண் சுவரை மட்டும் அடிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கோடு அப்படியே இருக்கிறது. டேப்பும் தருகிறேன், அவர்களே அளந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் புதிய மனைப்பிரிவுக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவள்,
முடிச்சூர்