கோவளத்து வீட்டைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடி, கடலைப் பார்த்த பால்கனி, கீழே காபிக் கடை, சுவரில் சர்ஃப் போர்டு ஓவியம். படம் நன்றாகத்தான் இருக்கிறது. போனில் பேசினால் நீயும் நானும் கத்துவோம், நடுவில் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"ஊரே மாறிப்போச்சு, நாம மட்டும் ஏன் அப்படியே இருக்கணும்?" என்று கேட்டாய். மாறியது உண்மைதான். ஆனால் வெளியாள் வருவதும், அவனை வைத்து ஊர் பிழைப்பதும் நம் சென்னைப் பக்கத்துக் கோவளத்துக்குப் புதிதல்ல. 1700களின் தொடக்கத்தில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் இங்கே துறைமுகம் அமைத்தார். பெல்ஜியத்துப் பக்கமிருந்து ஆஸ்டெண்ட் என்ற வியாபாரக் கம்பெனிக்காரர்கள் வந்து கிடங்கு போட்டார்கள். 1722இல் சாசனம் வாங்கிய அந்தக் கம்பெனியை 1731இல் இழுத்து மூடியாகிவிட்டது. பிறகு இங்கே இருந்த கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1752இல் ராபர்ட் கிளைவ் வந்து அதைப் பிடித்து வெடி வைத்துத் தகர்த்தார். 1808இல் ஜான் டி மாண்டி என்ற வியாபாரி கார்மேல் மாதா கோவிலைக் கட்டினார். ஆழ்வார்பேட்டையில் இன்றும் அவர் பெயரில் ஒரு காலனி இருக்கிறது. தமீம் அன்சாரி தர்காவுக்கு வருகிற கூட்டம் தனி. கோட்டை இருந்த இடத்தில் 1974இல் தாஜ் ஓட்டல் வந்தது. அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானதும் சென்னைக்காரர்களுக்கு நம் ஊர் ஒரு மணி நேரப் பயணமாகச் சுருங்கிவிட்டது.

இத்தனை பேர் வந்தார்கள். எல்லோருக்கும் நம்மிடம் தேவைப்பட்டது மீனும், மூட்டை தூக்க ஆளும்தான். நமக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. பலகையில் நின்று அலைமேல் சறுக்குகிற இந்த சர்ஃபிங் வந்த பிறகுதான் கேட்கிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அந்த சர்ஃபிங் பையன்களைப் பிடிக்கும்.

உன் பெரியப்பா போட்டை இறக்குவதைச் சின்ன வயதில் பார்த்திருப்பாய். அவசரப்படவே மாட்டார். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்ச நேரம் கடல் மூச்சு வாங்கும், அந்த இடைவெளிக்காக நின்றுகொண்டே இருப்பார். இறக்குகிற இடத்தையும் பார்த்துத்தான் இறக்குவார். அலை உடைந்து கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் எங்காவது ஒரு வழியாகத் திரும்பக் கடலுக்குள் போக வேண்டும் அல்லவா? அது மணலைப் பறித்துக்கொண்டு ஒரு வாய்க்கால் மாதிரி ஓடும். அங்கே ஆழம் அதிகம், அதனால் அலை உடையாது. பார்த்தால் அமைதியாகத் தெரியும். அந்த வழியாகப் போனால் போட் சுலபமாக வெளியே போய்விடும். சர்ஃப் பண்ணுகிற பையன்களும் போர்டில் படுத்து அதே வழியாகத்தான் உள்ளே போகிறார்கள், கை வலிக்காமல்.

சனி ஞாயிறில் காரில் வருகிற கூட்டமும் அதே இடத்தில்தான் இறங்குகிறது. அங்கேதான் அலை இல்லையே, குழந்தையைக் குளிப்பாட்டலாம் என்று நினைக்கிறார்கள். சிலர் குடித்துவிட்டு வேறு இறங்குகிறார்கள். தண்ணீர் இழுத்ததும் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகிறார்கள். பக்கவாட்டில் கொஞ்ச தூரம் நீந்தினாலே இழுப்பிலிருந்து வெளியே வந்துவிடலாம். அப்படிச் சிக்கியவர்களைப் போர்டோடு போய் இழுத்து வருவது நம் பையன்கள்தான்.

மூர்த்தி மேகவன் நம் மீனவர் வீட்டுப் பிள்ளை. சின்ன வயதில் மரப்பலகையை வைத்துக்கொண்டு அலையேறியவர். தொழிலதிபர் அருண் வாசுவோடு சேர்ந்து அவர் சர்ஃபிங் பள்ளி தொடங்கினார், 2013இலிருந்து சர்ஃபிங் திருவிழாவும் நடந்தது, கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் எல்லாம் வந்து போனார். கற்றுக்கொள்ள வருகிற ஊர்ப் பையன்களுக்கு அவர் போட்ட நிபந்தனை, குடி, சிகரெட் இரண்டும் கூடாது என்பது. எத்தனையோ தாய்மார்கள் கெஞ்சியும் நடக்காதது ஒரு போர்டுக்காக நடந்தது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் போட்டி நடந்தபோது ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். இந்தப் போட்டியில் தனிப்பிரிவில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி தேசியப் போட்டிகளில் ஜெயிக்கிறாள். நீ வளர்ந்த காலத்தில் வயசுப் பெண் கடலில் இறங்கினால் ஊர் வாயில் விழ வேண்டியிருந்தது, நினைவிருக்கும்.

எல்லாம் இனிமை என்று நினைத்துவிடாதே. அலை நேர்த்தியாக இருப்பது காலையில், கரையிலிருந்து காற்று வீசுகிற நேரத்தில். வலை போட்டுவிட்டு மீனோடு போட் திரும்புகிற நேரமும் அதுதான். மத்தியானம் கடல்காற்று ஏறிவிட்டால் சர்ஃபிங்குக்கு அலை கலங்கிவிடும், ஆகவே எல்லோருக்கும் விடியலில்தான் கரை வேண்டும். 2021இல், சுத்தமான கடற்கரைக்குத் தருகிற நீலக் கொடிச் சான்றிதழ் வந்தது. அதனால் கடற்கரையின் ஒரு பகுதி சுத்தமாக இருக்கிறது. நல்லதுதான். ஆனால் வலை காயப்போடவும் கருவாடு பரப்பவும் இடம் கேட்டால் முகம் சுளிக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். மீன் வறுவல் வேண்டும், மீன் வாடை மட்டும் ஆகாது!

சரி, வீட்டு விஷயம். நம் வீடு அலைக்குக் கூப்பிடு தூரம். அங்கே மூன்று மாடிக்குச் சட்டம் இடம் தராது. அதே சமயம் 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் நமக்கு உதவுகிற பிரிவு ஒன்று இருக்கிறது. கட்டுமானத்துக்குத் தடை உள்ள பகுதியிலும், ஏற்கெனவே உள்ள வீட்டின் அடித்தளப் பரப்பு, அமைப்பு, முகப்பு எதையும் மாற்றாமல், மீனவர்களும் உள்ளூர் மக்களும் ஹோம்ஸ்டே நடத்த அனுமதி தரலாம் என்கிறது. அந்த அனுமதியை எப்படி வாங்குவது என்று செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் கேட்க மனு எழுதி வைத்திருக்கிறேன்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், மணலையும் பார்க்க வேண்டும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் நம் கரையில் மணல் வடக்கே நகரும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். நடுவில் எங்காவது கல்லைக் கொட்டித் தடுத்தால் மணல் ஒரு பக்கம் சேர்ந்து மறுபக்கம் அரித்துக்கொண்டு போகும். இப்படி இடம் மாறுகிற கரையில் கடன் வாங்கிக் கட்டிடம் எழுப்ப எனக்குத் துணிவில்லை. 2004 டிசம்பர் 26ஐ நீயும் பார்த்தவள்தானே.

ஆகவே என் முடிவைச் சொல்கிறேன். இடிக்க வேண்டாம், நிலத்தையும் யாருக்கும் குத்தகைக்கு விட வேண்டாம். தெருவோர அறைகள் இரண்டையும் சர்ஃபிங் கற்க வருகிறவர்களுக்கு விடலாம். அம்மா சமைக்கிற மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கட்டும். பெரியப்பாவின் வலையும் எஞ்சினும் இருக்கிற கொட்டகையில் கை வைக்க மாட்டேன், அதைக் காபிக் கடையாக்கும் யோசனையை விட்டுவிடு. உன் ஓவியம் எனக்குப் பிடித்திருக்கிறது. உள் சுவரில் வரையலாம், முகப்பில்தான் கூடாது.

மழைக்கு முன்னால் ஓடு மாற்றியாக வேண்டும். மேஸ்திரியிடம் பேசிவிட்டேன், ஐப்பசி பிறப்பதற்குள் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். பின்பக்கக் குளியலறைக்கு அவர் தந்த கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அதில் பாதியை நீ தர முடியுமா என்று பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா