பழைய ஏழு சீட்டர் வாங்குகிறீர்களா, குனிந்து அடியில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செகண்ட் ஹேண்டில் பெரிய வண்டி வாங்குவது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். விலை, மைலேஜ், சன்ரூஃப் எல்லாம் சரி, ஆனால் வண்டிக்குப் பின்னால் டிரெய்லர் கட்டி இழுப்பவர்களுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. நான் தண்டையார்பேட்டையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். ஆடி மாதம் வந்தால் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு கோயில் கோயிலாக அலைய வேண்டும், வேலை இல்லாத நாளில் அதே வண்டியில் அம்மா, பிள்ளைகள், மாமனார், மாமியார் எல்லோரும் பெரியபாளையத்துக்கோ திருத்தணிக்கோ கிளம்பிவிடுவார்கள். வடசென்னையில் இப்படி ஒரே வண்டியை இரண்டுக்கும் வைத்திருப்பவர்கள் நிறைய பேர்.

எங்களுக்கு முதல் கேள்வி சேஸிஸ்தான். ஸ்கார்பியோ, பொலேரோ, ஃபார்ச்சூனர், எண்டெவர், இன்னோவா கிரிஸ்டா இதற்கெல்லாம் அடியில் தனியாக இரும்புச் சட்டம் உண்டு, இழுவையின் பாரத்தை அது தாங்கும். பின் சக்கரம் தள்ளுகிற வண்டி என்பதால் பின்னால் எடை விழும்போது பிடிமானமும் கூடும். எக்ஸ்யூவி 500, ஹாரியர், இன்னோவா ஹைகிராஸ் மாதிரி வண்டிகளில் பாடியும் சட்டமும் ஒன்றுதான், பெரும்பாலும் முன் சக்கரம் இழுக்கும். குடும்பத்தோடு போக அதுதான் சொகுசு, நான் மறுக்கவில்லை. ஆனால் புரோக்கர் "சஃபாரி சார்" என்று சொன்னால் எந்த வருஷம் என்று கேளுங்கள். சஃபாரி ஸ்டார்ம் மாடல் வரைக்கும் வந்தது தனிச் சட்டம், 2021-இல் வந்தது தனிச் சட்டம் இல்லாத வேறு வண்டி, பெயர் மட்டும்தான் பழையது.

அடுத்து எடை. ஃபார்ச்சூனரை ஆஸ்திரேலியாவில் விற்றபோது இழுவை எடையைத் தெளிவாகப் போட்டார்கள். 2020-க்குப் பிறகு வந்த 2.8 லிட்டர் டீசலில் டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் 3,100 கிலோ, பிரேக் இல்லாவிட்டால் வெறும் 750. நம் ஊரில் பட்டறையில் அடிக்கிற ஜெனரேட்டர் டிரெய்லர் எத்தனையில் பிரேக் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்! இன்னொன்று, டிரெய்லர் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதை வண்டியில் மாட்டுகிற ஹூக்கில் அழுத்த வேண்டும். ஜெனரேட்டரை டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்தால் ஹூக் மேலே தூக்கும், எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் டிரெய்லர் நாய் வாலை ஆட்டுகிற மாதிரி ஆட ஆரம்பிக்கும், பக்கத்தில் கண்டெய்னர் லாரி வேறு. ஹூக்கில் விழுகிற எடையும் வண்டி தாங்குகிற எடையில்தான் சேரும். ஏழு பேர் ஏறினால் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட வேண்டும், அதில் பேச்சே இல்லை.

பார்க்கப் போகும்போது டார்ச்சும் பழைய பாயும் எடுத்துப் போங்கள். பாயை விரித்து அடியில் படுத்து, பின் பம்பருக்கு உள்ளே சட்டத்தின் முனையைப் பாருங்கள். ஹூக் கழற்றின ஓட்டைகள் இருக்கும், வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை நீள்வட்டமாக இழுபட்டிருந்தால், சுற்றிலும் முடி மாதிரி விரிசல் தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம். சட்டத்திலேயே வெல்டிங் வைத்திருந்தாலும் வேண்டாம், ஹூக் என்பது போல்ட்டில் நிற்க வேண்டியது. அடிபாகம் முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். திருவொற்றியூர், காசிமேடு பக்கம் கடல் காற்றில் நின்ற வண்டி என்றால் அந்தப் பூச்சுக்குக் கீழே துரு உப்பிக் கிடக்கும், ஸ்க்ரூ டிரைவர் முனையால் தட்டினால் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியும் சந்தையில் சுற்றுகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எர்ணாவூர், எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். மேலே சோப்புப் போட்டுக் கழுவியிருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும்.

கிளட்ச்சுக்கு மேம்பாலம் போதும். ஏறும்போது நாலாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் முடிந்தது, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

அப்புறம் மூன்றாவது வரிசை. வீட்டில் பெரியவர்களைக் கூட்டிப்போய் அங்கே உட்கார வைத்துப் பாருங்கள், நாம் உட்கார்ந்து பார்த்துச் சொல்வது எதுவும் செல்லாது. முழங்கால் தாடைக்கு வருகிறதா, ஏசி காற்று அங்கே எட்டுகிறதா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். பழைய ஸ்கார்பியோ சிலவற்றில் இருக்கும் பக்கவாட்டு சீட்டில் பிள்ளைகளை உட்கார வைக்க எனக்கு மனசு வராது.

காகிதம் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். டெல்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்குக் கெடுபிடி இருந்ததால் அங்கிருந்து வண்டி மலிவாக வந்தது. என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, ஆயுள் வரி எல்லாம் கூட்டினால் மலிவு எங்கே போகும் என்று கணக்குப் போடுங்கள். ஃபோர்டு 2021-இல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததால், எண்டெவர் பிடித்திருந்தாலும் பார்ட்ஸ் நிலவரத்தை மெக்கானிக்கிடம் கேட்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம்தான், அதற்கும் பதிவு வேண்டும்.

அடுத்த முறை பழைய வண்டிகளுக்கு அட்டவணை போடும்போது விலைக்குப் பக்கத்தில் இழுவை எடைக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள், நிறுவனம் தரவில்லை என்றால் "தரவில்லை" என்றே அச்சடியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தண்டையார்பேட்டை