பாலாற்றில் நீ போட்ட கோடு

அன்புள்ள மாப்ளே,

முழங்கால் வலி இப்போது தேவலையா? இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்கு வேலூரிலேயே வேலை கிடைத்துவிட்டது.

நான் ராத்திரிகளில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில், அதுதான் யார் வேண்டுமானாலும் சேர்ந்து வரையலாம் என்கிற நம் இணைய வரைபடத்தில், நம் பக்கத்துப் பழைய டேக்குகளை (இது ரோடு, இது வயல் என்று சொல்லும் குறிப்புகளை) தேடித் திருத்திக்கொண்டிருக்கிறேன். போன வாரம் பாலாற்றுக்குக் குறுக்கே ஒரு குட்டிக் கோடு அகப்பட்டது: 'ஹைவே=ஃபோர்டு', அதாவது பாலம் இல்லாமல் ஆற்றில் இறங்கிக் கடக்கிற இடம். யார் போட்டது என்று பார்த்தால் நீ, 2009-இல்! ஜிபிஎஸ் கருவியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மணலில் இறங்கி நடந்தோமே, அதே இடம்.

அந்த டேக் இப்போது வழக்கில் இல்லை. பாதையின் வகையைச் சொல்லும் 'ஹைவே' என்பதற்கு ஒரு மதிப்புதான் கொடுக்க முடியும். அதில் ஃபோர்டு என்று போட்டுவிட்டால், ஆற்றில் இறங்குவது மண்பாதையா தார் ரோடா என்று சொல்ல இடமே இல்லை. அதனால் பாதையை அதன் வகைப்படி போட்டுவிட்டு, 'ஃபோர்டு=யெஸ்' என்று தனியாகச் சேர்க்கிறோம்.

இதாவது பரவாயில்லை. 'லேண்ட்யூஸ்=ஃபார்ம்' தான் உயிரை வாங்குகிறது. ஒருவர் அதை வயலுக்குப் போட்டிருப்பார், இன்னொருவர் களமும் மாட்டுக்கொட்டகையும் இருக்கிற இடத்துக்கு. அதனால்தான் வயலுக்கு ஃபார்ம்லேண்ட், களம் கொட்டகைக்கு ஃபார்ம்யார்ட் என்று பிரித்தார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், "ஸ்கிரிப்ட் போட்டு ஒரே ராத்திரியில் மாத்திடலாம் சார்" என்றான். மாற்றலாம், கொட்டகை எல்லாம் நெல் வயலாகிவிடும். மற்றவர்களோடு பேசாமல் இப்படி மொத்தமாக மாற்றக்கூடாது என்று விதியே இருக்கிறது. சாட்டிலைட் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும்.

அவனே அப்புறம், பழைய டேக்குகளுக்கு அர்த்தம் சொல்லும் விக்கிப் பக்கங்களையும் நீக்கிவிடலாம் என்றான். எனக்கு வந்ததே கோபம்! பழைய டேட்டாவை வைத்திருப்பவன் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தேடி எங்கே போவான்? உங்கள் தாத்தா பத்திரத்தில் காணி, குழி என்று இருந்ததைப் படிக்கத் தெரியாமல் நாம் ஒரு நாள் முழுக்க அலைந்தோமே, நினைவிருக்கிறதா? பக்கம் இருக்கட்டும், 'கைவிடப்பட்டது' என்று மேலே போட்டு, ஏன், பதிலுக்கு எது என்று எழுது என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் நன்றாகவே எழுதினான்.

உன் கோட்டை மட்டும் நான் இன்னும் தொடவில்லை. படத்தில் அங்கே பாலம் மாதிரி ஏதோ தெரிகிறது. பாலம் வந்துவிட்டதென்றால் 'ஃபோர்டு=யெஸ்' என்று போடுவதும் தப்பு. பொங்கலுக்கு ஊருக்கு வருவாய் அல்லவா, நேரில் போய்ப் பார்த்துவிட்டு மாற்றலாம். நீ கரையிலேயே நில், மணலில் நான் இறங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி