அந்த ஒரு 'உம்'

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்க் கொன்வென்ட்டின் ஆண்டு நிறைவுக்காகச் சென்ற இதழில் நீங்கள் போட்டிருந்த கட்டுரையைப் பார்த்தேன். படங்கள் பளிச்சென்று இருந்தன, சந்தோஷம். ஆனால் "தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இப்பாடசாலை இடமளித்து வந்துள்ளது" என்ற வரி வந்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன்.

பிள்ளைகளுக்'கும்' என்றால்? நாங்கள் என்ன, பந்தியில் இடம் மிஞ்சினால் உட்காரவைக்கிற ஆட்களா? சுற்றிவரத் தேயிலை. துரைமார் பிள்ளைகள் படிக்கக் கப்பலேறிப் போனார்கள். டவுனில் இருந்த நாலு கடைக்காகவா மதர்மார் இந்தக் குளிரில் வந்து பாடசாலை போட்டார்கள்?

நான் 1956இல் சேர்ந்தவள். மேல் டிவிஷனிலிருந்து சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மழையில் நடந்து வருவோம். வகுப்பு வாசலில் மதர் ஒரு பழைய பால் டின்னில் உப்போடு நிற்பார். காலில் கடித்த அட்டை ஒவ்வொன்றாகச் சுருண்டு விழும். அப்புறம்தான் ஜெபம். நெற்றியில் திருநீறோடுதான் நிற்போம், அழி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

1960இல் இலங்கையில் அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கமே கையேற்கச் சட்டம் வந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. நாடெங்கும் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் படுத்துக் காவல் இருந்தார்கள். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு விடியப் போக வேண்டிய என் அப்பாவும் கம்பளியைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் சைவர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர், வாக்கும் இல்லாதவர். அந்தக் கொன்வென்ட் கட்டணம் வாங்காத தனியார் பாடசாலையாகச் சிஸ்டர்மாரிடமே நின்றது. அப்பா காவல் இருந்த கதை உங்கள் கட்டுரையில் எந்தப் பக்கம் வந்தது?

சரி, பழைய கதை. போன வருடம் பேத்தியை முதலாம் ஆண்டுக்குச் சேர்க்கப் போனோம். மின்சார பில் எங்கே, வீட்டு உறுதி எங்கே என்றார்கள். தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவுக்கு ஏதம்மா உறுதி? எங்களுக்குக் கடிதமே தோட்ட ஆபிஸ் வழியாகத்தான் வருகிறது. "தோட்ட விலாசமா?" என்று கேட்டுவிட்டு விண்ணப்பத்தை அடியில் வைத்தார்கள். மேலே இருந்தவர்களிடம் கட்டட நிதி பற்றிப் பேசினார்கள். கட்டணம் இல்லாத பாடசாலைதான், நிதிக்கு வேறு பெயர் போலிருக்கிறது. வரவேற்பறைச் சுவரில், ஏழைகளுக்காகவே தொடங்கப்பட்டது என்று பித்தளைத் தகட்டில் பெரிதாக எழுதித் துடைத்து வைத்திருக்கிறார்கள். காத்திருந்த நேரத்தில் நாலு தரம் வாசித்தேன்.

முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன். அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது, அந்த வரியில் 'உம்' தவறுதலாக வந்துவிட்டது என்று ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மலையகம்.
(பெயரைப் போட வேண்டாம். பேத்தியின் விண்ணப்பம் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.)